டவர் தெரியாத இடம்

ரொறன்ரோ நகரின் கிழக்கு ஓரத்து ரூஜில் இருக்கும் என் தம்பி வீட்டுக் கராஜிலிருந்து நாங்கள் புறப்பட்டபோது காலை ஏழு மணி. வண்டியில் நான்கு பேர் என்று எழுதத்தான் கை வருகிறது. அபி ஓட்டினாள். அவள் என் தம்பியின் ஒரே மகள், இருபத்திரண்டு வயது, பிறந்ததே இங்கேதான். பின் இருக்கையில் நானும் அவள் தாய் வதனியும். முன் இருக்கையில் பெல்ட் போட்டபடி, வெள்ளைத் துணி கட்டிய மண்குடத்துக்குள் என் தம்பி தவம்.

அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். ஊரில் என்றால் வளவில் ஒரு மரத்தில் கட்டித் தொங்கவிடலாம். மே மாதத்திலும் விடியற்காலையில் கையுறை தேடவைக்கும் ரொறன்ரோவில், வீட்டோடு ஒட்டியிருந்தும் வீடாக இல்லாத இடம் கராஜ் ஒன்றுதான். அங்கே அவனுடைய டக்சி நின்றது. வதனி குடத்தை அதன் முன் இருக்கையில் வைத்திருந்தாள். சரிந்துவிடும் என்று பெல்ட்டையும் போட்டுவிட்டாள். முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடியும்வரை அவன் தன் டக்சியில் தானே பயணியாக உட்கார்ந்திருந்தான்.

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் துணிந்தவர்கள் என்று நான் நினைத்திருந்தேன். இதை எழுதுகிறவள் அப்படியல்ல. எனக்குத் தண்ணீர் என்றால் பயம். சொந்த ஊர் மட்டக்களப்புக் கல்லடி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. சுனாமி வந்த காலையில் என் வீட்டுக்காரர் கடற்கரைப் பக்கம் போயிருந்தார். அவர் கிடைக்கவே இல்லை. நான் பள்ளிக்கூட மேல்மாடியில் நின்று தப்பினேன். அன்று தொடக்கம் கடற்கரைக்குப் போனதில்லை. கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறினால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். அந்த ரூட் கண்டக்டர்மாருக்கு இது நன்றாகவே தெரியும். "ரீச்சர், பாலம் முடிஞ்சிது, கண்ணைத் துறங்க" என்பார்கள்.

ரீச்சர் என்றால் கணக்கு ரீச்சர். ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பிடித்த பைத்தியம், பழைய கிரேக்கர்கள் வானத்தை எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று தேடித் தேடிப் படிப்பது. பயம் வரும்போது அந்தக் கணக்குகளில் ஒன்றை மனதுக்குள் போட்டுப் பார்ப்பேன். சிலர் தேவாரம் சொல்வதில்லையா, அதுபோல.

பயணம் எங்கே என்பதைச் சொல்லவில்லை. தவம் இருபத்தைந்து வருடம் இந்த நகரத்தில் டக்சி ஓட்டினான். நகரின் நடுவில் 553 மீற்றர் உயரத்தில் ஒரு கோபுரம் நிற்கிறது. இங்குள்ள எல்லாருக்கும் அது வெறும் டவர். எந்தத் தெருவில் மாட்டிக்கொண்டாலும் தலையைத் தூக்கி அதைப் பார்த்துத்தான் திசை பிடிப்பானாம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் ஜன்னலால் அதுவே தெரிந்திருக்கிறது. வதனியிடம் சொல்லியிருக்கிறான்: "என்னைக் கரைக்கிற இடத்தில நிண்டு பார்த்தா உந்த டவர் தெரியக்கூடாது. இவ்வளவு வருசம் அதைச் சுத்தினது காணும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னானாம். வதனி அதைச் சிரிப்பாக எடுக்கவில்லை. டவர் மறையும்வரை ஒன்ராரியோ ஏரிக்குள் போய்க் கரைப்பது என்று முடிவு.

எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், பிறிம்லி வீதி ஏரிக்கரையை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் இடத்துக்கு வந்தோம். ரூஜிலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். இருபுறமும் வெளிறிய களிமண் குன்றுகள், அடியில் படகுத்துறை. நான் கரையில் நிற்பதாகத்தான் நினைத்து வந்திருந்தேன். குடத்தைக் கையில் எடுத்த வதனி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மச்சாள், நீங்களும் வாங்கோ. அவற்ற பக்கத்தில உங்களை விட்டா இஞ்ச ஒருத்தரும் இல்லை."

"எனக்குத் தண்ணியெண்டா ஏலாது மச்சாள். உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும். அவருக்கும் தெரியும். எண்டாலும் கேக்கிறன்."

ஏறினேன்.

படகு ஒரு பெரிய வான் வண்டியை விடக் கொஞ்சம் நீளம். நான்கு மணிநேரத்துக்கு அறுநூறு டொலர். ஓட்டுபவர் ஸ்தாவ்றோஸ், டான்போர்த் என்ற நகரப் பகுதியைச் சேர்ந்த கிரேக்கர், தடித்த மீசை, நல்ல சிரிப்பு. கிரேக்கர் என்று கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. உங்கள் முன்னோர்தான் இந்தப் பூமியை முதலில் அளந்தவர்கள் என்று என் பள்ளிக்கூட இங்கிலிசில் சொன்னேன். அவர் உயிர்காப்பு அங்கியின் பட்டியை என் நெஞ்சில் இழுத்துக் கட்டியபடியே, தான் கணக்கில் இரண்டு முறை பெயில், அந்த முன்னோர் வேறு யாருடையவர்களோ என்றார். அங்கி இறுகியதில் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. கழன்றுவிடக்கூடிய ஒன்றைத்தானே இவ்வளவு இறுக்கிக் கட்டுவார்கள்.

தண்ணீரின் குளிர் ஆறு பாகை என்றும், விழாமல் இருந்துகொள்ளுங்கள் என்றும் அவர் பொதுவாகச் சொல்லிவைத்தார். விழுந்தால் எவ்வளவு நேரம் என்று அபி கேட்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

துறையின் வாயைத் தாண்டி அரைமணி நேரம் ஓடியிருப்போம். குன்றுகளை விட்டு விலகியதும் மேற்கே டவர் தெரிந்தது. கையை நீட்டிப் பார்த்தால் ஒரு விரல் அகல உயரம்கூட இல்லை. வதனி அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் தண்ணீரைப் பார்க்காமலிருக்க வேறு எதுவும் இல்லை.

கணக்கைத் தொடங்கினேன். செங்கோண முக்கோணத் தேற்றத்துக்குத் தன் பெயரைக் கொடுத்தாரே, அவரும் அவருடைய கூட்டத்தாரும் உலகம் முழுவதும் எண் என்று நம்பியவர்கள். ஒரு தந்தியைச் சரிபாதியில் அழுத்தி மீட்டினால் அதே சுரம் மேலே கேட்கும், மூன்றில் இரண்டில் அழுத்தினால் இன்னொரு இனிய சுரம். காதுக்கு இனிமையானது எண்ணாக இருக்கிறது என்றால் வானமும் எண்ணாகத்தான் இருக்க வேண்டும், கோள்களும் தங்கள் தூரங்களின் விகிதப்படி ஒலிக்கத்தான் வேண்டும் என்று அவர்கள் தீர்மானித்தார்கள். அந்த ஒலியை யாரும் கேட்டதில்லை. பிறந்ததிலிருந்து இடைவிடாமல் கேட்பதால் நமக்குத் தெரியவில்லையாம்! வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அந்தப் படகில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்களும் பயந்துதான் இருந்திருப்பார்கள் என்று பட்டது. இடியும் கிரகணமும் கடலும் யாருடைய கோபமும் இல்லை, ஒரு விகிதம் மட்டுமே என்று தெரிந்தால் இரவில் தூங்கலாம் அல்லவா.

அந்தக் கூட்டத்தைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. சதுரத்தின் மூலைவிட்டத்தை எந்தப் பின்னத்தாலும் சொல்ல முடியாது என்பதை ஒருவர் வெளியே சொல்லிவிட்டாராம். எண்ணுக்கு அடங்காத ஒன்று உலகத்தில் இருப்பது தெரிந்தால் எல்லாம் குலைந்துவிடும். அதனால் அவரைக் கடலில் தள்ளிவிட்டார்களாம். உண்மையோ பொய்யோ, அந்த நேரத்தில் நினைக்கவேண்டிய கதை இல்லை. ஒரு அலை படகைத் தூக்கிப் போட்டது. நான் கத்திவிட்டேன்.

"மாமி, ஆர் யூ ஓகே?"

"ஓகே இல்ல, புள்ள."

"நானும்தான்" என்று அபி என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். அவள் கை என் கையை விடக் குளிர்ந்திருந்தது.

ஒன்பதரை இருக்கும். டவர் சின்னதாகியிருந்தது, ஆனால் அப்படியே நின்றது. இன்னும் எவ்வளவு தூரம் என்று வதனி கேட்டாள். ஸ்தாவ்றோஸ் எஞ்சினைக் குறைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மேடம், வெயில் நாளில் ஏரியின் அந்தப் பக்கம் நயாகராக் கரையில் நின்றாலே டவர் தெரியும், காலையில் மப்பாக இருந்ததால் இன்று சீக்கிரம் மறைந்துவிடும் என்று நினைத்தேன் என்றார்.

அப்போதுதான் நான் போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். கரையைவிட்டுப் போகும் கப்பலில் முதலில் அடிப்பகுதி மறைகிறது, பாய்மரம் கடைசியில் மறைகிறது, ஆகவே கடல் வளைந்தது என்று அந்தக் கிரேக்கர்கள் சொன்னார்கள். கிரகணத்தில் சந்திரன்மேல் விழும் பூமியின் நிழல் எப்போதும் வட்டம்தான், ஆகவே பூமி உருண்டை என்றார்கள். இன்னொருவர் இரண்டு ஊர்களின் மத்தியான நிழலை ஒப்பிட்டார். வித்தியாசம் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. அதைக்கொண்டு பூமியின் சுற்றளவையே சொல்லிவிட்டார். கல்லடிக்கும் ரொறன்ரோவுக்கும் அகலக்கோட்டு வித்தியாசம் முப்பத்தாறு பாகை, வட்டத்தில் பத்தில் ஒன்று. இதை நான் விமானத்தில் வரும்போதே கணக்குப் பார்த்து வைத்திருந்தேன். ஆனால் டவர் மறைய எவ்வளவு தூரம் போகவேண்டும் என்று மட்டும் பார்க்கவில்லை. தண்ணீரில் போகவேண்டிய தூரம் என்பதால் மனது அந்தப் பக்கமே போகவில்லை போலும்.

கணக்கு சின்னது. பூமியின் மையம், டவரின் உச்சி, பார்வை தண்ணீரைத் தொடும் புள்ளி. அங்கே ஒரு செங்கோணம். ஏழாயிரத்துச் சொச்சத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் எண்பத்து நாலு. படகில் இருக்கும் எங்கள் கண்ணின் உயரத்துக்கு இன்னும் ஐந்து. ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீற்றர்.

"மச்சாள், தொண்ணூறு கிலோமீற்றர் போகோணும். தெற்கால ஏரியே அவ்வளவு அகலம் இல்ல."

வதனி நம்பாமல் என்னைப் பார்த்தாள். "அப்ப எங்க போனாலும் தெரியுமோ?"

"கிழக்கால நாள் முழுக்க ஓடினா மறையும்."

"அவர் கேட்டது இது ஒண்டுதான், மச்சாள். வேற ஒண்டும் கேக்கேல்லை." அவள் குடத்தை மடியில் இறுக்கிக்கொண்டாள். "இதுகூட எங்களால செய்து குடுக்க ஏலாதோ?"

அந்த நேரத்தில்தான் மூடுபனி வந்தது. குளிர்ந்த ஏரிக்குமேல் வெப்பமான காற்று வந்தால் மே மாதத்தில் இப்படி ஆகுமாம். தெற்கே ஒரு வெள்ளைச் சுவர் நிற்பதை நான் பார்த்திருந்தேன், மேகம் என்று நினைத்தேன். அது நடந்து வந்தது. டவர் போயிற்று. கரை போயிற்று. பிறகு தண்ணீரும் போயிற்று. படகின் விளிம்புக்கு வெளியே எதுவுமே இல்லை.

"இப்ப தெரியேல்லை" என்றாள் வதனி மெதுவாக. "இப்ப போடுவமே?"

"அம்மா, நோ! ஃபொக் போனா திரும்பத் தெரியும். அது அப்பாவை ஏமாத்துற மாதிரி. தட்ஸ் நொட் வட் ஹி வோன்டட்."

"உனக்கென்ன தெரியும் அவர் என்ன நினைச்சவர் எண்டு?"

தாயும் மகளும் சண்டை பிடிப்பது எனக்குக் காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை. அந்த எண் கூட்டத்தார் உலகத்தை இரண்டு பக்கமாகப் பிரித்திருந்தார்கள். வரம்புள்ளது நல்ல பக்கம், வரம்பில்லாதது கெட்ட பக்கம். வகுப்பில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். வரம்பில்லாதது என்றால் என்ன என்று அன்றுதான் பார்த்தேன். மேல் கீழ் இல்லை, தூரம் கிட்ட இல்லை, அளக்க ஒரு நிழல்கூட இல்லை. எங்கேயோ ஒரு கப்பல் ஊதியது. இடப்பக்கம் என்றேன், அபி வலப்பக்கம் என்றாள். ஸ்தாவ்றோஸின் சிரிப்பைக் காணவில்லை. அவரும் தன் ஊதுகுழலை அடித்தார், காத்திருந்தார், திரும்ப அடித்தார். கப்பல் இன்னும் கிட்ட ஊதியது. என் வீட்டுக்காரருக்கும் கடைசியில் இப்படித்தான் இருந்திருக்குமா என்ற நினைப்பு வந்தது. இருபது வருடமாக நான் உள்ளே விடாத நினைப்பு. வாய்விட்டு அழுதேன். எனக்குக் கணக்கு ஒன்றும் வரவில்லை, பெருக்கல் வாய்ப்பாடுகூட வரவில்லை.

வதனி குடத்தை என் மடியில் வைத்தாள். "பிடியுங்கோ மச்சாள். நீங்கள் பிடிச்சா அவர் பயப்பிடமாட்டார்" என்றாள். யார் யாருக்குத் துணை என்று தெரியவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். கைக்கு ஒரு வேலை கிடைத்ததும் மூச்சு கொஞ்சம் வந்தது.

கப்பலின் ஊதல் மெல்ல விலகியது. ஸ்தாவ்றோஸ் வழிகாட்டித் திரையைப் பார்த்தபடி, வந்ததைவிட மெதுவான வேகத்தில், படகைத் திருப்பினார். வந்த தூரம் அவ்வளவையும் அந்த வேகத்தில் திரும்பினோம். பதினொன்றரைக்கு வெள்ளை கிழிந்தது. எதிரே களிமண் குன்று, வெயில் பட்டு, தலைக்கு மேலே நிற்பதுபோல நின்றது. துறைக்குள் நுழைய இன்னும் கொஞ்சத் தூரம்தான்.

"வெயிட்" என்றாள் அபி. எழுந்து நின்று மேற்கே பார்த்தாள், சுற்றிவரப் பார்த்தாள். "மாமி, டவர் எங்க?"

பார்த்தேன். பனி அந்தப் பக்கம் முற்றாக விலகியிருந்தது. நீல வானம். டவர் இல்லை. குன்று அதற்கு முன்னால் நின்றது.

ஸ்தாவ்றோஸ், இங்கே கிட்டவந்தால் டவர் எப்போதும் தெரியாது, மலை மறைக்கும் என்று சாதாரணமாகச் சொன்னார். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு, நீங்கள் ஏரிக்குள் தூரப் போகவேண்டும் என்றல்லவா கேட்டீர்கள் என்றார். சரிதான்.

சந்திரன் சூரியனைவிட எவ்வளவோ சின்னது. கிட்ட இருப்பதால் முழுச் சூரியனையும் மறைத்துவிடுகிறது. அந்த விகிதத்தை வைத்துத்தான் ஒரு கிரேக்கர் சூரியனின் அளவையே தேடிப் புறப்பட்டார். நான் வருடக்கணக்காகக் கரும்பலகையில் வரைந்த படம். தொண்ணூறு கிலோமீற்றர் கணக்குப் போட்டவளுக்குப் பக்கத்தில் நின்ற மண்மேடு தெரியவில்லை.

அபி குன்றின் அடியில் தெரிந்த மணலைக் கைகாட்டினாள். பிறகு சொன்னாள்: "அப்பா என்னை இங்கதான் கூட்டிக்கொண்டு வாறவர். சண்டேஸ். உந்த பீச்சுக்கு. டக்சியை மேல விட்டிட்டு, போனையும் ஓஃப் பண்ணிப்போட்டு... அவர் போனை ஓஃப் பண்றது இங்க மட்டும்தான். அம்மா, யூ ரிமெம்பர்?"

வதனி குன்றைப் பார்த்தாள், மணலைப் பார்த்தாள். "கறண்டுக் கம்பிகூடத் தெரியாத இடம் எண்டு சொல்லுவார்" என்றாள். பிறகு சரியென்று தலையை ஆட்டினாள்.

எஞ்சின் நின்றது. குடத்தின் துணியை அபி அவிழ்த்தாள். வதனி பூவும் பாலும் விட்டாள். சாம்பலை மூவரும் சேர்ந்து விடவேண்டும். அதற்கு நான் விளிம்பில் குனிந்து கையைத் தண்ணீருக்குள் வைக்கவேண்டும். குனிந்தேன். அபி என் அங்கியின் பட்டியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். கை வைத்ததும் குளிர் எலும்புக்குள் போனது. பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். கையை எடுக்கவில்லை, அவ்வளவுதான். தவம் சாம்பல் நிறத்தில் கொஞ்ச நேரம் என் விரல்களுக்கிடையே நின்றான். பிறகு கலந்துவிட்டான்.

இரண்டு நாள் கழித்து விமானம் ஏறினேன். ஏறியதும் ஜன்னலால் டவர் தெரிந்தது. அங்கிருந்து கிழக்கே கோடு இழுத்துக் குன்றைத் தேடினேன். வெள்ளையாக ஒரு கீறல். கீறலுக்கு இந்தப் பக்கம் டவர் தெரியும், அந்தப் பக்கம் தெரியாது. அப்போது எனக்கு ஒரு புதுப் பயம் பிடித்தது. கொழும்பு வரும்வரை அது விடவில்லை. தொண்ணூறு கிலோமீற்றருக்கு அப்பால் இந்த உலகம் முழுவதும் டவர் தெரியாத இடம்தான். கல்லடியும் அதில் ஒன்று. அவன் கேட்டது அதையா? நாங்கள் கணக்கில் ஏரியை மட்டும்தான் எடுத்தோம். விடையைச் சரிபார்க்க இப்போது கேட்க ஆளில்லை.

கல்லடிப் பாலத்தில் இன்னும் கண்ணை மூடிக்கொண்டுதான் போகிறேன். ஆனால் போன கிழமை பின்னேரம் ஒன்று செய்தேன். குளியல் தொட்டியிலிருந்து எழுந்து ஓடியதாகச் சொல்வார்களே, அந்தக் கிரேக்கர் ஒரு நிறுவல் எழுதியிருக்கிறார். அமைதியாக நிற்கும் எந்த நீரின் மேற்பரப்பும் ஒரு கோளத்தின் துண்டு, அந்தக் கோளத்தின் மையம் பூமியின் மையம். ஏரி என்றாலும் கடல் என்றாலும் மையம் ஒன்றுதான். ஒன்ராரியோ ஏரியின் தண்ணீர் ஆறாக ஓடிக் கடலில் விழுகிறது. மற்றக் கடல்களெல்லாம் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டுதானே கிடக்கின்றன. இதை நினைத்துக்கொண்டே கடற்கரை வீதி தாண்டி, மணலில் இறங்கி, அபிக்கு வீடியோவில் போன் எடுத்தேன். அங்கே காலை. என் முகத்துக்குப் பின்னால் கடலைக் கண்டதும் அவள் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். பிறகு, அவளுடைய தகப்பனின் அதே குறும்புடன் கேட்டாள்.

"மாமி, அங்க டவர் தெரியுதா?"

திரும்பி, கண்ணை மூடாமல், கடல் முழுவதையும் ஒருமுறை பார்த்தேன்.

"தெரியல்ல, புள்ள."

"அப்ப அப்பா அங்கயும் வரலாம்."

"வரட்டும். மாமாவும் இந்தக் கடலுக்குள்ளதான் இருக்கார்" என்றேன். நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. அலை வந்து காலை நனைத்தது, நான் பின்னுக்குப் போகவில்லை.